சனிக்கு அடுத்தது ஏன் ஞாயிறு?

சனிக்கிழமைக்கு மறுநாள் ஏன் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கிறது?

இப்படி யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் நம் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பத்தாவது ஆசாமி, "அப்படித்தான் வரும், வேறு எப்படி வரும்?" என்பார். உலகத்தில் முக்கால்வாசி விஷயங்கள் இந்தப் பத்தாவது ஆசாமியின் பதிலில்தான் நடந்துகொண்டிருக்கின்றன. ஆனால் இந்தக் கேள்விக்கு உண்மையாகவே ஒரு பதில் உண்டு. அந்தப் பதிலைத் தேடிப் போனால் நைல் நதிக்கரைக்குப் போய்ச் சேருகிறோம்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் சின்னமனூருக்குப் பக்கத்தில் குச்சனூர் என்ற ஊர் இருக்கிறது. சுரபி நதிக்கரையில் சனீசுவரன் அங்கே சுயம்புவாக எழுந்தருளியிருக்கிறார். நவக்கிரக வரிசையில் ஒருவராக நிற்பவர் அல்லர்; அவரே மூலவர். மஞ்சள் காப்புப் பூசியிருக்கும். ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் அங்கே எள் போட இடமிராது. (எள் வேறு, அங்கே ஏராளமாகத்தான் இருக்கும்.) மேகமலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வருகிறவர்கள், குமுளிக்கு அப்பாலிருந்து வருகிற மலையாளிகள், மதுரை திண்டுக்கல் ஜனங்கள் எல்லாரும் நல்லெண்ணெய் விளக்கேற்றிவிட்டுக் காக்கைக்குச் சோறு வைக்கக் காத்து நிற்பார்கள்.

தல புராணம் அழகானது. தினகரன் என்ற அரசனுக்கு ஏழரை நாட்டுச் சனி பிடித்தது. அவனுடைய வளர்ப்பு மகன் சந்திரவதனன் சுரபி நதிக்கரைக்கு வந்து, இரும்பினால் சனியின் உருவத்தைச் செய்து வைத்து, "என் தந்தையின் துன்பத்தை எனக்குக் கொடு" என்று வேண்டிக்கொண்டான். பெற்ற பிள்ளைகளே கேட்கத் தயங்குகிற வரத்தை வளர்ப்புப் பிள்ளை கேட்கிறான் என்றதும் சனி பகவானே இளகிப்போனார். ஏழரை ஆண்டுகளை ஏழரை நாழிகையாகக் குறைத்து அவன் மேல் வைத்துவிட்டு விலகினார்.

இந்தக் கதையில் வருகிற நாழிகை நம்முடையது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். ஆகவே ஏழரை நாழிகை என்பது சரியாக மூன்று மணி நேரம். நாழிகை நம்முடையதுதான். ஆனால் அந்தச் சனிக்கிழமை இருக்கிறதே, அது நாழிகைக் கணக்கில் பிறந்ததல்ல. எப்படிச் சொல்கிறேன் என்பதைப் பிறகு கணக்குப் போட்டே காட்டுகிறேன். அதற்கு முன் எகிப்துக்குப் போய்விட்டு வரலாம்.

எகிப்து என்றால் நமக்குப் பிரமிடும் மம்மியும் மந்திரவாதமும்தான் ஞாபகம் வருகின்றன. சோதிடமே அங்கேதான் பிறந்தது என்று எழுதி வைத்திருக்கிறவர்கள் உண்டு. வேடிக்கை என்னவென்றால், பிரமிடு கட்டிய காலத்து எகிப்தியனுக்கு ஜாதகம் என்றால் என்னவென்றே தெரியாது. ராசிச் சக்கரம் அவனிடம் இல்லை. பிறந்த நேரத்தைக் கொண்டு ஒருவனுடைய ஆயுளையும் கலியாணத்தையும் சொல்லும் வழக்கமும் இல்லை. அவனுக்கு வேண்டியிருந்தவை இரண்டே விஷயங்கள்: ஆற்றில் வெள்ளம் எப்போது வரும்? இரவில் மணி என்ன?

முதல் கேள்விக்கு விடை ஒரு நட்சத்திரத்தில் இருந்தது. வானத்திலேயே மிகப் பிரகாசமான சிரியஸ் என்ற நட்சத்திரம் ஆண்டில் ஏறத்தாழ 70 நாள் சூரிய ஒளியில் மறைந்து கிடக்கும். பிறகு ஒரு நாள் விடியற்காலையில், சூரியன் வருவதற்குச் சற்று முன்னால், கீழ்வானத்தில் ஒரு கணம் மினுக்கிவிட்டு மறையும். அதையொட்டியே நைலில் வெள்ளம் வரும். எத்தியோப்பிய மலைகளில் பெய்த கோடை மழை அது. அந்த நாளை எகிப்தியர் ஆண்டின் தலைநாளாக வைத்தார்கள். இறந்தவர்களின் உடலைப் பதம் செய்து புதைக்கவும் அவர்கள் 70 நாள்தான் எடுத்துக்கொண்டார்கள். மறைந்த நட்சத்திரம் 70 நாள் பாதாளத்தில் இருந்து சுத்தமடைந்து திரும்பி வருகிறது என்று அவர்களுடைய பழைய நூல் ஒன்று சொல்கிறது. மனிதனும் அப்படித் திரும்பி வரமாட்டானா என்ற ஆசைதான்!

இரண்டாவது கேள்விக்கு அவர்கள் கண்ட வழி இன்னும் நுட்பமானது. வானத்தைச் சுற்றி 36 நட்சத்திரக் கூட்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பத்து நாளைக்கு ஒரு கூட்டம் வீதம் விடியலில் புதிதாக உதிக்கும். 36 பத்துக்கள் 360 நாள். மீதி ஐந்து நாளைத் தனியே சேர்த்துக்கொண்டார்கள். ஓர் இரவு முழுக்க விழித்திருந்து பார்த்தால் இந்தக் கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உதிப்பதைக் காணலாம். வெள்ளம் வரும் கோடை காலத்து இரவில், நல்ல இருட்டு இருக்கும் வரையில், அப்படிப் பன்னிரண்டு உதிக்கும். இரவுக்குப் பன்னிரண்டு மணி என்பது இப்படி வந்தது. பகலுக்கும் பன்னிரண்டு வைத்தார்கள். ஆக ஒரு நாளைக்கு 24. நம் கைக்கடிகாரத்தின் வம்ச வரலாறு இவ்வளவுதான்.

கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 2100 ஆண்டுகளுக்கு முன்பே இந்த அட்டவணையைச் சவப்பெட்டிகளின் மூடியில், உட்புறமாக எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே மல்லாந்து படுத்திருப்பவர் இருட்டில் மணி பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

மேகமலையில் ஒரு மாசி மாத இரவில் நான் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். மேகமலையில் மேகம் இல்லாத இரவு என்பது பெரிய அதிர்ஷ்டம். ஏரிக்கரையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கிழக்கே மலை விளிம்பில் ஒரு குறி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்தில் மூன்று கூட்டங்கள் விளிம்பைத் தாண்டி ஏறின. காவல்காரர் யானை நடமாட்டம் இருக்கிறது என்று எழுப்பி அனுப்பிவிட்டார். எகிப்துப் பூசாரிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவருக்குத் தேள் தொல்லை இருந்திருக்க வேண்டும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஹர்கேபி என்று ஒருவர் இருந்தார். அவருடைய சிலையில் அவரது பெருமைகளைச் செதுக்கியிருக்கிறார்கள்: வானத்தைப் பார்த்துக் காலம் சொல்வதில் வல்லவர், தேள் விஷத்தை அடக்குவதிலும் வல்லவர். எங்கள் பக்கத்தில்கூட, பஞ்சாங்கம் பார்க்கிறவரே விஷக்கடிக்கும் மந்திரிப்பது ஒரு காலத்தில் வழக்கந்தான்.

நல்ல நாள் கெட்ட நாள் பார்ப்பதும் எகிப்தில் பழமையானது. ஆண்டின் ஒவ்வொரு நாளையும் மூன்று பங்காக்கி, இது நல்லது, இது கெட்டது என்று குறித்த பாபிரஸ் ஏடுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அந்தக் குறிப்புகளுக்குக் காரணம் கிரகங்கள் அல்ல. இன்ன நாளில் இன்ன தேவதைக்குச் சண்டை நடந்தது, ஆகவே அன்று வெளியே போகாதே என்ற மாதிரிதான்.

ராசிகள் வந்த இடம் பாபிலோன். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அங்கேதான் சூரியன் போகும் பாதையைப் பன்னிரண்டு சம பங்குகளாக வெட்டினார்கள். கி.மு. 410ல் பிறந்த ஒரு குழந்தைக்கு எழுதிய குறிப்புதான் இதுவரை கிடைத்துள்ள ஜாதகங்களில் மிகப் பழையது. கி.மு. 331ல் அலெக்சாந்தர் நைல் முகத்துவாரத்தில் தன் பெயரால் ஒரு நகரத்தை உண்டாக்கினான். அந்த அலெக்சாந்திரியாவில் மூன்று தேசத்துச் சரக்கும் ஒரே உரலில் விழுந்தது. பாபிலோனியனின் ராசியும் கிரகமும், எகிப்தியனின் 36 கூட்டமும் 24 மணியும், கிரேக்கனின் வட்டக் கணிதமும் சேர்ந்து இடிபட்டு வெளியே வந்த மாவுதான் இன்று உலகம் முழுவதும் சோதிடம் என்று விற்பனையாகிறது.

டெந்தரா என்ற ஊரில் ஹாத்தோர் தேவியின் கோயில் விதானத்தில் இந்தக் கலவையைக் கல்லிலேயே செதுக்கியிருந்தார்கள். கி.மு. 50ஐ ஒட்டிய காலம். நடுவில் ஆடு, மாடு, தேள், மீன். விளிம்பில் முப்பத்தாறு எகிப்தியத் தேவதைகளும் வரிசையாக. 1821ல் பிரெஞ்சுக்காரர்கள் ரம்பமும் வெடிமருந்தும் கொண்டு அதைப் பெயர்த்தெடுத்துப் பாரிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது லூவர் காட்சிசாலையில் இருக்கிறது.

எகிப்தியன் கொடுத்தது என்ன என்பதை இப்போது சொல்லிவிடலாம். இரவெல்லாம் கீழ்வானத்தில் உதிப்பதைப் பார்த்து நேரம் குறித்தவன் அவன். ஒரு குழந்தை பிறந்த கணத்தில் கீழ்வானத்தில் என்ன உதித்தது என்ற கேள்விக்கு அந்தப் பழக்கம்தான் வழிகாட்டியது. உதயப் புள்ளிக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர் ஹோராஸ்கோப்பஸ். 'நேரம் பார்ப்பது' என்று பொருள். நாம் லக்கினம் என்கிறோம். கையில் கடிகாரத்தோடு ஊர்வலம் போகும் எகிப்தியப் பூசாரிக்கும் கிரேக்கர் அதே பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

இனிக் கணக்கு. பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

அந்தக் காலத்தார் கிரகங்களை அவற்றின் நடைவேகத்தின்படி வரிசைப்படுத்தினார்கள். மிக மெதுவாக நடப்பவர் சனி. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டு. அதனால்தான் அவருக்கு மந்தன் என்றே ஒரு பெயர். அடுத்து குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன். கடைசியில் வேகமாக ஓடும் சந்திரன். நாளின் ஒவ்வொரு மணிக்கும் இந்த வரிசைப்படி ஓர் அதிபதி. சூரியோதயத்தில் முதல் மணி யாருக்கோ, அவருக்கே அந்த நாள் முழுவதும் சொந்தம். கிழமை என்ற தமிழ்ச் சொல்லுக்கே உரிமை என்றுதானே அர்த்தம்!

சனி ஆளும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மணி சனி. ஏழு பேரும் ஒரு சுற்று வந்தால் எட்டாவது மணி மறுபடி சனி. அப்படியே 15, 22. இருபத்துமூன்றாவது மணி குரு, இருபத்துநான்காவது செவ்வாய். நாள் முடிந்துவிட்டது. மறுநாள் உதயத்தில் முதல் மணி யாருக்கு? வரிசையில் அடுத்தவர் சூரியன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை! அதே மாதிரி சூரியனிலிருந்து எண்ணிப் பாருங்கள், திங்கள் வரும். திங்களிலிருந்து செவ்வாய் வரும். கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோ காசியஸ் என்ற ரோமானிய சரித்திராசிரியர் இந்தக் கணக்கை விளக்கிவிட்டு, ஏழு நாளையும் ஏழு கிரகங்களுக்குக் கொடுக்கும் வழக்கம் எகிப்தியரிடமிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறார்.

இதே கணக்கை நம் அறுபது நாழிகையை வைத்துப் போட்டால் என்ன ஆகும்? ஒரு நாள் மாலை வேலையில்லாமல் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நீங்களும் போடலாம். முதல் நாழிகை சனி. 57வது நாழிகையும் சனி. 58 குரு, 59 செவ்வாய், 60 சூரியன். மறுநாள் முதல் நாழிகை சுக்கிரனுக்கு. அதாவது சனிக்கு அடுத்த நாள் வெள்ளி! அதற்கு அடுத்தது வியாழன். பிறகு புதன், செவ்வாய், திங்கள், ஞாயிறு. வாரம் முழுவதும் அப்படியே தலைகீழாக ஓடுகிறது. எனக்குச் சிறிது நேரம் சிரிப்பு அடங்கவில்லை. நாழிகை வைத்து நாமே வாரத்தை உண்டாக்கியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை முடிந்து சனிக்கிழமை ஆபீசுக்குப் போய்க்கொண்டிருப்போம். வாரம் இப்போதுள்ள திசையில் ஓட வேண்டுமானால் நாளுக்கு இருபத்துநாலு மணி இருந்தாக வேண்டும். அந்த இருபத்துநாலு எகிப்தியனுடையது.

இந்த மணிக்கு நம் பஞ்சாங்கத்தில் ஹோரை என்று பெயர். கிரேக்க மொழியிலும் ஹோரா என்றுதான் பெயர். நம் பண்டிதர்கள் இதற்கு ஒரு சமஸ்கிருத வியுத்பத்தி சொன்னார்கள்: 'அஹோராத்ரம்' என்ற சொல்லில் தலையையும் வாலையும் வெட்டினால் 'ஹோரா' மிஞ்சுமாம். வராகமிகிரரே இதைக் குறிப்பிடுகிறார். வெட்டுகிற கத்தி இவ்வளவு கூர்மையாக இருந்தால் எந்தச் சொல்லிலிருந்தும் எந்தச் சொல்லையும் எடுத்துவிடலாம்!

சரக்கு இங்கே எப்படி வந்தது? மிளகு போன வழியில் வந்தது. முதல் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார்: எகிப்தின் செங்கடல் துறையான பெரனிகேயிலிருந்து, நடுக்கோடையில், சிரியஸ் உதயத்தை ஒட்டிக் கப்பல்கள் கிளம்பும், அரபிக் கரையை அடைய ஒரு மாதம், அங்கிருந்து தென்மேற்குக் காற்றில் நாற்பது நாளில் முசிறி. நைலுக்கு வெள்ளம் சொன்ன அதே நட்சத்திரம்தான் மிளகுக் கப்பலுக்கும் நாள் குறித்தது. அந்தக் காற்றுதான் எங்கள் மேகமலைக்குப் பெயர் கொடுத்த மேகத்தையும் கொண்டு வருகிறது. பெரனிகேயில் ஒரு கோயிலைத் தோண்டியபோது இந்தியப் பானை ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. (இங்கேயும் ஏழரை!) இன்னொரு துறையான குசெயிர் அல் காதிமில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. ஓர் ஓட்டில் 'பானை ஒறி' என்றே எழுதியிருக்கிறது. உறியில் தொங்கவிட்ட பானை! செங்கடல் கரையில் உறி கட்டிக் குடித்தனம் நடத்திய நம்மவர்கள், அங்கே அன்றைக்கு என்ன கிழமை என்று கேட்காமலா இருந்திருப்பார்கள்?

ஏட்டு வழியாக வந்ததற்குச் சாட்சி வடக்கே இருக்கிறது. ஸ்புஜித்வஜன் என்பவர் செய்த 'யவன ஜாதகம்' என்ற சமஸ்கிருத நூலின் ஏடு காத்மாண்டுவில் கிடைத்தது. டேவிட் பிங்கிரி என்ற அமெரிக்க அறிஞர் 1978ல் பதிப்பித்து, அது கி.பி. 269-70ல் செய்யுளாக்கப்பட்டது என்றார். பிறகு வேறு ஏடுகளைப் பார்த்தவர்கள் அந்தத் தேதி செல்லாது என்கிறார்கள். தேதி எப்படியானாலும் பெயரே யவன ஜாதகம் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் இதில் ஒளிவுமறைவே இல்லாதவர். யவனர் மிலேச்சர்தாம், ஆனாலும் இந்த சாஸ்திரம் அவர்களிடம் நன்றாக இருப்பதால் அவர்களை ரிஷிகளைப் போல மதிக்கிறார்கள் என்ற கருத்தை அவர் எழுதியிருக்கிறார். அவர் தொகுத்த பழைய சித்தாந்தம் ஒன்றில், யவன தேசத்துக்கும் உஜ்ஜயினிக்கும் உள்ள தூரம் நேரக் கணக்கில் ஏழரை நாழிகைக்குச் சற்றுக் குறைவாக, ஏழு நாழிகை இருபது விநாழிகை என்று வருகிறது. அந்த யவன நகரம் அலெக்சாந்திரியா. அலெக்சாந்திரியாவில் போட்ட கணக்கை உஜ்ஜயினிக்கு மாற்ற வேண்டியிருந்ததால்தான் அந்த எண் தேவைப்பட்டது.

நம் ஊர் ஜோசியர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். கேந்திரம் என்பார், கிரேக்கத்தில் கென்ட்ரான். பணபரம் என்பார்; எபனபோரா. ஆபோக்கிலிமம் என்பார், அபோக்லிமா. சுனபா யோகம், அனபா யோகம், கேமத்துரும யோகம் எல்லாம் அந்த வழி வந்த பெயர்களே. நெற்றியில் விபூதியும் காதில் கடுக்கனுமாக அவர் வாயிலிருந்து அலெக்சாந்திரியாவின் கடைத்தெரு பேசுகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மிளகாய்கூட வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். அதனால் நம் குழம்பு நம் குழம்பாக இல்லாமல் போய்விட்டதா?

தமிழ் இலக்கியத்தில் இந்தச் சரக்கு வந்திறங்கிய படிகளைக் கொஞ்சம் பார்க்கலாம். புறநானூற்றில் கூடலூர் கிழார் பாட்டு ஒன்று இருக்கிறது. பங்குனி மாதத்து இரவில் ஒரு விண்மீன் எரிந்து விழக் காண்கிறார். சேர மன்னனுக்கு என்ன ஆகுமோ என்று நெஞ்சு துடிக்கிறது. ஏழாம் நாள் மன்னன் இறந்துபோகிறான். மாதம் சொல்கிறார், நட்சத்திரங்களை நுணுக்கமாகச் சொல்கிறார். ஆனால் கிழமை சொல்லவில்லை. எங்கள் பள்ளத்தாக்கின் மேல் முனையிலும் ஒரு கூடலூர் இருக்கிறது. அந்தக் கிழார் எங்கள் கூடலூர்க்காரர்தான் என்று ஊரார் உரிமை கொண்டாடினால், நான் வழக்காடப் போவதில்லை. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டில் விதானத்தில் ஆட்டை முதலாகக் கொண்ட ராசி வீதி எழுதியிருக்கிறது. ஆக, ராசி வந்துவிட்டது.

பரிபாடலின் பதினோராம் பாட்டுத்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அது வையையைப் பாடுவது. வையை பிறப்பது எங்கள் மேகமலை, வருசநாட்டு மலைத்தொடரில். மலையில் மழை பெய்து ஆற்றில் புதுப்புனல் வருகிறது. நல்லந்துவனார் உடனே தண்ணீரைப் பாடவில்லை. முதலில் வானத்தைப் பாடுகிறார். விடியற்காலையில் கார்த்திகை உச்சியில் நிற்கிறது; வெள்ளி இடபத்தில், செவ்வாய் மேடத்தில், புதன் மிதுனத்தில், சனி மகரத்தில்; சந்திரனைப் பாம்பு மறைக்கிறது. எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை இந்த நிலைகளை வைத்துக் கணித்து, அது கி.பி. 634 ஜூன் 17 என்றார். அவ்வளவு பிந்திய காலத்தை ஒப்புக்கொள்ளாத தமிழறிஞர்கள் பலர். அந்த வழக்கு இருக்கட்டும். விடியல் வானத்தைப் பார்த்து ஆற்று வெள்ளத்தைச் சொல்வது என்ற காரியத்தை நைல் கரையிலும் வையைக் கரையிலும் செய்திருக்கிறார்கள் என்பதே போதும். இதை யாரும் யாரிடமும் கடன் வாங்கத் தேவையில்லை. மழைக்குக் காத்திருக்கிறவனுக்குத் தானே தோன்றும். ஆனால் அதே பாட்டில் ராசியைச் 'சனியின் இல்லம்' என்ற பொருளில் புலவர் பேசுகிறாரே, அந்தக் கருத்து கடல் தாண்டி வந்தது. கடகம் சந்திரனுக்கு, சிம்மம் சூரியனுக்கு, அங்கிருந்து இரு பக்கமும் புதன், சுக்கிரன், செவ்வாய், குரு, கடைசியில் சனிக்கு மகர கும்பம் என்று வீடு பிரித்துக் கொடுக்கும் திட்டத்தைப் பழைய லத்தீன் நூல்கள் எகிப்திய முனிவர்களுடையது என்கின்றன.

கிழமை எப்போது வந்தது? வடக்கே ஏரான் என்ற ஊரில் புதகுப்தன் காலத்துத் தூண் ஒன்றில் கி.பி. 484ல் வியாழக்கிழமை என்று வெட்டியிருக்கிறது. இந்தியக் கல்வெட்டுகளில் கிழமை சொல்லும் மிகப் பழையவற்றில் அது ஒன்று. தமிழில், ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் மதுரைக்குப் புறப்படும்போது நாளும் கோளும் சரியில்லை என்று நாவுக்கரசர் தடுத்ததற்குப் பதிலாகப் பாடிய கோளறு பதிகம் இருக்கிறது. அதில் ஏழு கோளும் எந்த வரிசையில் வருகின்றன என்று பாருங்கள். கிழமை வரிசை! அதாவது அலெக்சாந்திரியாவின் இருபத்துநாலு மணிக் கணக்கிலிருந்து விழுந்த வரிசை. அந்தக் கோள்கள் அடியாரை ஒன்றும் செய்யா என்று சொல்வதற்காகவே வந்த பாட்டிலும் அந்த வரிசை வந்து உட்கார்ந்துகொண்டுவிட்டது.

முப்பத்தாறு தேவதைகள் என்ன ஆனார்கள் என்று சொல்ல மறந்துவிடக் கூடாது. ராசிக்கு மூன்று பேராக அவர்களைக் கிரேக்கர் பங்கிட்டு, பத்துப் பாகை ஆள்பவன் என்ற பொருளில் டெக்கானோஸ் என்றார்கள். நமக்கு அது திரேக்காணம். வராகமிகிரர் முப்பத்தாறுக்கும் உருவம் வருணிக்கிறார். மேஷத்தின் முதல் திரேக்காணம், இடுப்பில் வெள்ளைத் துணி கட்டி, கோடரி ஏந்திய சிவந்த கண்ணுடைய கறுத்த மனிதன். அந்த மனிதன் இங்கே நிற்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரத்து அபூ மஃஷர் அவனை அரபி நூலில் ஏற்றினார். அங்கிருந்து இத்தாலிக்குப் போனான். பெராரா என்ற ஊரின் அரண்மனைச் சுவரில், 1470ஐ ஒட்டி எழுதிய சித்திரத்தில், கிழிந்த வெள்ளையுடையும் இடுப்பில் கயிறுமாகக் கறுத்த மனிதன் ஒருவன் மார்ச்சு மாதப் பகுதியில் நிற்கிறான். யார் இவன் என்று நானூறு ஆண்டுகளாக யாருக்கும் புரியவில்லை. 1912ல் அபி வார்பர்க் என்ற ஜெர்மானிய அறிஞர்தான் அவன் வந்த வழியைக் கண்டு சொன்னார். எகிப்தில் பிறந்து, இந்தியாவில் கோடரி வாங்கிக்கொண்டு, பாக்தாத்தில் தங்கி, இத்தாலியில் பிரபுவின் வீட்டுச் சுவரேறிய மனிதன்!

இவ்வளவும் சரித்திரம். ஆனால் சோதிடத்தைச் சரித்திரமாக மட்டும் பார்த்துவிட்டுப் போக முடிவதில்லை.

2023ஆம் ஆண்டு ஆடிச் சனிக்கிழமை ஒன்றில் குச்சனூர் வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அம்மாள் நின்றிருந்தார். மேகமலையில் முப்பது ஆண்டு தேயிலை கிள்ளியவர். விரல் நுனிகளே அதைச் சொல்லின. மகன் ஜீப்பு ஓட்டுகிறான்; தனுசு ராசி. பெண் பார்த்து எல்லாம் பேசி முடித்தாயிற்று.

"பொண்ணு வீட்டுல ஏழரை முடிஞ்சு போச்சுங்கிறாக தம்பி. எங்க ஜோசியரு மார்கழி வரைக்கும் இருக்குங்கிறாரு. யாரு சொல்றது நெசம்?" என்று கேட்டார்.

இரண்டு பேர் சொன்னதும் அவரவர் பஞ்சாங்கப்படி நிஜந்தான். திருக்கணிதப்படி சனி மகரத்தை விட்டுக் கும்பத்துக்குப் போனது 2023 ஜனவரி 17. திருநள்ளாற்றில் கைக்கொள்ளும் வாக்கியப் பஞ்சாங்கப்படி 2023 டிசம்பர் 20. நடுவில் பதினோரு மாதம். டிசம்பரில் வாக்கியக்காரர்கள் பெயர்ச்சி கொண்டாடியபோது, வானத்துச் சனி திருக்கணித அளவில் கும்பத்துக்குள் எட்டுப் பாகைக்கு மேல் நடந்துவிட்டது. நான் இதை அந்த அம்மாளிடம் எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒத்தப் புள்ள தம்பி. எதுக்கு வம்பு? மார்கழி கழியட்டும்" என்றார். பெண் வீட்டார் அதுவரை காத்திருக்கவில்லை. ஆவணியிலேயே பெண்ணை உத்தமபாளையத்துப் பக்கம் கொடுத்துவிட்டார்கள் என்று அடுத்த தடவை மேகமலைக்குப் போனபோது கேள்விப்பட்டேன். அந்தப் பையன் இன்னும் ஜீப்பு ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

சந்திரவதனனுக்கு ஏழரை நாழிகையோடு விட்ட சனி பகவான், இந்தப் பையன் விஷயத்தில் இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார் போலும்! எனக்கு வாக்கியப் பஞ்சாங்கத்தின் மேல் அன்றைக்குக் கோபம் வந்தது உண்மை. பிறகு அதன் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தபோது கோபம் ஆச்சரியமாக மாறியது.

வாக்கியம் என்பது மனப்பாடக் கணிதம். எண்களை எழுத்துக்களாக மாற்றிச் சின்னச் சின்னச் சொற்றொடர்களாகக் கோத்து வைத்திருக்கிறார்கள். சந்திரனுக்கு 248 வாக்கியங்கள். 248 நாளில் அதன் நடை ஒரு சுற்று முடிந்து ஏறக்குறையப் பழையபடி தொடங்கும். அதில் சேரும் சிறு பிழையைச் சரிக்கட்ட 3031 நாள் என்று ஒரு பெரிய சுற்று. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து ரைலண்ட்ஸ் நூலகத்தில், எகிப்து மண்ணிலிருந்து எடுத்த கி.பி. மூன்றாம் நூற்றாண்டுப் பாபிரஸ் ஒன்று இருக்கிறது. கிரேக்க மொழியில் சந்திரனைக் கணிக்கும் முறையை அது சொல்கிறது. அதிலுள்ள சுற்றுக்கள் இரண்டு: 248 நாள், 3031 நாள். மூல வித்து பாபிலோனியருடையது. எகிப்தில் அந்தக் கணக்கு மணலுக்குள் புதைந்து மறந்துபோயிற்று. தமிழ்நாட்டில் அது ஜனங்களின் வாயில் இருந்தது.

ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் தென்னிந்தியக் கால கணிதத்தைப் பற்றி எழுதிய 'கால சங்கலிதம்' 1825ல் சென்னையில் அச்சாயிற்று. புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர் அவருக்கு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதமில்லை, பேனா இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, வாயால் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே சோழிகளை நகர்த்தினார். சித்தாந்தக் கொள்கை எதுவும் அவருக்குத் தெரியாது என்றும், ஞாபக சக்தி அபாரம் என்றும் வாரன் குறித்து வைத்தார். 1952ல் ஆட்டோ நாய்கபவர் என்ற கணித சரித்திர அறிஞர் அதைப் படித்துவிட்டுத்தான், இது பழைய பாபிலோனிய முறையின் தொடர்ச்சியாயிற்றே என்று கண்டு எழுதினார்.

அந்தக் கிரகணம் 1825 மே 31 இரவு நடந்தது. சோழி சொன்ன நேரத்துக்கும் வானத்தில் நடந்த நேரத்துக்கும் ஆரம்பத்தில் நான்கு நிமிஷம் வித்தியாசம், நடுவில் இருபத்துமூன்று, முடிவில் ஐம்பத்திரண்டு.